விழுங்கல் பதிவேடு

எடையளவு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், வடக்குப் பார்த்த அறையில், இருபத்திரண்டு வருடமாகத் தராசுகளைச் சோதித்துக்கொண்டிருந்தவரை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் எடைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கடைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை தங்கள் தராசையும் எடைக்கற்களையும் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நீல வெல்வெட்டில் படுத்திருக்கும் மூலக் கற்களை இடுக்கியால் எடுத்து ஒரு தட்டில் வைப்பார். கையால் தொட்டால் விரலின் ஈரம் ஒட்டி எடை கூடிவிடும் என்பது அவர் கவலை. மறுதட்டில் கடைக்காரரின் கல். முள் நடுவில் நின்றால் அதைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளுவார். அங்கே முத்திரையக்கா உட்கார்ந்திருப்பார். கல்லின் அடியில் இருக்கும் ஈயத்தில் அந்த வருடத்து முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. அந்த அடி விழுந்தால்தான் கல்லுக்கு மரியாதை.

எடைக்காரர் யாரோடும் சண்டைக்குப் போகாதவர். பேருந்தில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்கும் ரகம். அப்படிப்பட்டவர் பெயரில் ஆறாம் மாடியில் ஒரு கோப்பு திறக்கப்பட்டது என்றால், அதற்கு ஆறாம் மாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஆறாம் மாடியில் முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்தார்கள். நாற்காலிகளால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. எட்டு மாதத்துக்கு முன் அவற்றை அப்புறப்படுத்திவிட்டு அங்கே ஊட்ட நிறைவு இயக்ககத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கும் ஐந்நூற்று நாற்பது பேரும் தினமும் ஒரு சத்து மாத்திரை விழுங்க வேண்டும் என்பது இயக்ககத்தின் முதல் உத்தரவு. வேறு உத்தரவு ஏதும் போட அதற்குத் தேவைப்படவில்லை.

காலை பத்தரைக்கு மணி அடிக்கும். மாடிக்கு மாடி வரிசை நிற்கும். மாத்திரை சட்டைப் பொத்தான் அளவு இருக்கும், செங்கல் நிறம், நாக்கில் வைத்தால் பழைய சாவியின் ருசி. அதில் பதின்மூன்று வைட்டமின்களும் பதினொரு தாதுக்களும் இருப்பதாக டப்பாவில் எழுதியிருந்தது. வரிசையின் முனையில் கையில் டார்ச்சோடு ஒருவர் நிற்பார். அவருக்கு விழுங்கல் சாட்சி அலுவலர் என்று பதவி. தண்ணீர் குடித்ததும், "ஆ சொல்லுங்க," என்பார். வாய்க்குள் வெளிச்சம் அடிப்பார். "நாக்கைத் தூக்குங்க." தூக்கினால் அடியிலும் பார்ப்பார். பிறகு பதிவேட்டில் கையெழுத்து. பதிவேட்டில் இரண்டே பத்திகள்: 'விழுங்கினார்', 'பின்னர் விழுங்குவார்'.

எட்டு மாதம் எடைக்காரரும் மற்றவர்களைப் போலவே வாயைத் திறந்தார், நாக்கைத் தூக்கினார், கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் காலை ஒரு மளிகைக்காரர் தராசோடு வந்தார். வலது தட்டின் அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு மெழுகு ஒட்டியிருந்தது.

"என்னங்க இது?"

"மெழுகு சார். ஒரு பாதுகாப்புக்கு. தட்டு தேய்ஞ்சு எடை கொறைஞ்சுட்டா என்ன பண்றதுன்னு கொஞ்சம் சேர்த்து வச்சேன்."

"கொறைஞ்சுதா?"

"அது தெரியல சார். நிறுத்துப் பாக்கல."

"நிறுத்துப் பாக்காம எப்படிங்க சேர்ப்பீங்க? கொறை இருக்கா இல்லையான்னு மொதல்ல பாக்கணும். இருந்தா, இருக்கற அளவுக்குச் சேர்க்கணும். இல்லைன்னா சும்மா விடணும்."

மளிகைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு மெழுகைச் சுரண்டினார். மணி அடித்தது. எடைக்காரர் போய் வரிசையில் நின்றார். மாத்திரை கைக்கு வந்தது. ஆனால் மளிகைக்காரரிடம் சொன்ன வார்த்தைகள் அவர் தொண்டையிலேயே நின்றுகொண்டு மாத்திரைக்கு வழி விட மறுத்தன.

"சார்," என்றார் சாட்சி அலுவலரிடம், "எனக்கு எந்தச் சத்து சார் கொறையுது?"

சாட்சி அலுவலர், அந்தக் கேள்வி உள்ளே எங்கிருந்து புறப்பட்டது என்று தேடுபவர் போல அவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எல்லாச் சத்தும் இதுல இருக்கு."

"மாத்திரையில இருக்கு சார். எனக்கு எது இல்லைன்னு கேட்டேன்."

"விழுங்கறீங்களா, பின்னர் விழுங்கறீங்களா?"

பதிவேட்டில் கேள்விக்குப் பத்தி இல்லாததால் எடைக்காரரை ஆறாம் மாடிக்கு அனுப்பிவைத்தார்கள்.

கண்காணிப்பாளர் அம்மையாரின் மேஜையில் ஒரு தட்டு நிறையப் பிளாஸ்டிக் ஆரஞ்சுகள் இருந்தன. தூசி தட்டிப் பளபளப்பாக வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு வரைபடம். கோடு இடது மூலையில் தொடங்கி வலது மூலையில் கூரையைத் தொட்டது. அடியில் 'விழுங்கப்பட்டவை' என்று எழுதியிருந்தது.

"உக்காருங்க," என்றார் அம்மையார் கனிவாக. "உங்களுக்கு எவ்வளவு நாளா இப்படிக் கேக்கத் தோணுது?"

"இன்னிக்குக் காலையிலேர்ந்துதான் மேடம்."

அதையும் குறித்துக்கொண்டார். ஒரு வெற்றுக் கோப்பை எடுத்து மேலே 'கேள்வி எண் ஒன்று' என்று எழுதினார். கேள்விக்குப் பதில் சொல்ல அதிகாரம் கேட்டு மேலே எழுத வேண்டும் என்றும், அதுவரை எடைக்காரருக்கு எது குறைகிறது என்று ரத்தத்தைச் சோதிப்பதே முறை என்றும் சொன்னார். எடைக்காரருக்கும் அது நியாயமாகவே பட்டது. அவர் கேட்டதும் அதைத்தானே. மூன்று குழாய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து மறுபடி அழைப்பு வந்தது. அம்மையாரின் முகத்தில் துக்க வீட்டு அடக்கம்.

"இருபத்துநாலு சோதனை பண்ணிருக்கோம். எல்லாத்துலயும் இயல்புன்னு வந்திருக்கு. மனசைத் தேத்திக்குங்க."

"நல்லதுதானே மேடம்?"

"இயல்புங்கறது ஒரு விளிம்பு. ஒரு அடி தள்ளி வச்சா கொறைபாடு. இவ்வளவு வருஷமா விளிம்புலயே நின்னிருக்கீங்க, வீட்ல யாரும் கவனிக்கலயா?"

"மாத்திரை சாப்பிட்டதால இயல்பா இருக்கேனா, இல்ல, அதுக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்தேனா மேடம்?"

"முன்னாடியும் இயல்பாத்தான் இருந்திருப்பீங்க. ஆனா அது பாதுகாப்பில்லாத இயல்பு. இப்ப இருக்கறது இயக்ககத்தோட இயல்பு."

எடைக்காரருக்கு ஒரு சந்தேகம் வெகுநாளாக இருந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "சொல்லக் கூச்சமா இருக்கு மேடம். இந்த மாத்திரை போட ஆரம்பிச்சதுலேர்ந்து சிறுநீர் பளிச்சுன்னு மஞ்சளாப் போகுது."

அம்மையாரின் முகம் மலர்ந்தது. இழுப்பறையிலிருந்து, சுவர்ப்பூச்சுக் கடையில் காட்டுவது போன்ற வண்ண அட்டை ஒன்றை எடுத்தார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை மஞ்சள்கள்.

"எந்த மஞ்சள்?"

எடைக்காரர் ஆறாவதைத் தொட்டுக் காட்டினார்.

"ஆறு ரொம்ப நல்ல மஞ்சள். வேலை செய்யுதுன்னு இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? நீங்க இதை எழுதிக் குடுத்தீங்கன்னா கேள்வியை இத்தோட முடிச்சிடலாம்."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால், "உள்ள போனது வெளிய வர்றதுக்கு அத்தாட்சி மேடம் இது. உள்ள தங்குச்சான்னு எப்படித் தெரியும்?" என்று அவர் வாய் தானாகக் கேட்டுவிட்டது. அம்மையார் வண்ண அட்டையை மடித்து வைத்தார். கோப்பின் மேல் ஒரு சிவப்பு நாடா ஏறியது.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். பதினெட்டுப் பிள்ளைகளைக் குரல் உயர்த்தாமல் அடக்கத் தெரிந்தவர். அன்று சாயங்காலம் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"முழுங்கிட்டு வர வேண்டியதுதானே. ஒரு மாத்திரை உங்களை என்ன பண்ணிடப் போவுது?"

"ஒண்ணும் பண்ணாது."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணும் பண்ணலைன்னுதான் நானும் சொல்றேன். அதைச் சொல்லக் கூடாதுங்கறாங்க."

"நீங்க தராசுகிட்டயே பேசிப் பேசிப் பழகிட்டீங்க. அது இருக்கறதைச் சொல்லும். மனுஷங்க அப்படி இல்ல." கத்தியை வைத்துவிட்டு, "வேலைக்கு ஒண்ணும் வந்துடாதுல்ல?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே எல்லோருக்கும் ஒரு கருத்தறியும் படிவம் வந்தது. மாத்திரையால் உங்களுக்குக் கிடைத்தது எது என்று கேட்டு நான்கு பதில்கள் அச்சடித்திருந்தார்கள்: மிகுந்த நன்மை, போதிய நன்மை, ஓரளவு நன்மை, இன்னும் உணரப்படாத நன்மை. எடைக்காரர் யோசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து முத்திரையக்கா எட்டிப் பார்த்தார்.

"இதுல என்னண்ணே யோசனை? நான் மொதல் கட்டத்துலயே போட்டுட்டேன். அவங்க நம்ம நல்லதுக்குத்தானே செய்யறாங்க."

அக்காவின் வாயில் ஐஸ் கட்டி கடகடத்தது. கொஞ்ச நாளாக அவருக்கு அந்தப் பழக்கம். கீழே டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் நிறைய ஐஸ் வாங்கிவந்து, வேலை பார்த்துக்கொண்டே மென்றுகொண்டிருப்பார். உதடும் நகமும் காகிதம் போல வெளுத்திருந்தன. முத்திரைக்கு ஒரே அடி என்பது இரண்டாகி, மூன்றாகி, இடையில் சுத்தியலை மடியில் வைத்து மூச்சு வாங்குவதுமாக ஆகியிருந்தது.

"ஒரு டாக்டரைப் பாத்தா என்னம்மா?"

"தெனமும் சத்து மாத்திரை சாப்பிடறேன். ஒரு நாள்கூட விட்டதில்ல. அதுக்கு மேல டாக்டர் என்ன குடுத்துடப் போறாரு? வயசாவுதுல்ல, கொஞ்சம் அசதியாத்தான் இருக்கும்." அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

ஒரு நாள்கூட விட்டதில்லை என்பது ஆறாம் மாடிக்கும் தெரிந்திருந்தது. நூற்று எழுபத்தொரு வேலை நாளில் நூற்று எழுபத்தொரு கையெழுத்து. ஆகவே ஊட்ட நிறைவு விழாவில் 'முன்மாதிரி விழுங்குநர்' விருது முத்திரையக்காவுக்கு என்று முடிவாயிற்று. அவர் படத்தை எடுத்து, கன்னங்களுக்கு அச்சகத்தில் சிவப்பு ஏற்றி, மாடிப்படி நெடுக ஒட்டினார்கள். எடைக்காரருக்கும் விழா அழைப்பு வந்தது. 'கேள்வியாளர்' என்று எழுதிய நாற்காலி முதல் வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தது.

இயக்குநர் நல்ல உயரம், நல்ல குரல். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் குரலிலேயே பேசக்கூடியவர்.

"நம்மில் ஒருவர், இந்த மாத்திரை தேவையா என்று கேட்டிருக்கிறார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. எட்டு மாதத்தில் இந்தக் கட்டடத்தில் தொண்ணூறாயிரம் மாத்திரைகள் விழுங்கப்பட்டிருக்கின்றன. தேவையில்லாத ஒன்றை மனிதர்கள் தொண்ணூறாயிரம் முறை விழுங்குவார்களா? நாங்கள் விழுங்க வைத்தோம் என்பது வேறு விஷயம்.

"சாப்பாட்டிலேயே எல்லாச் சத்தும் கிடைக்கிறதே என்கிறார்கள். சாப்பாடு ஒழுங்கில்லாதது. தன்னிடம் எவ்வளவு சத்து இருக்கிறது என்று ஒரு காரட்டுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றிடம் நம் உடம்பை ஒப்படைப்பதா? மாத்திரையில் பாருங்கள், எழுதியே இருக்கிறது.

"ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இதனால் பெரிய பலன் தெரியவில்லை என்று சில ஆராய்ச்சிகள் சொல்வதாகவும் கேள்விப்பட்டேன். ஆராய்ச்சி என்பது என்ன? முடிவு தெரியாதவர்கள் செய்வது. நமக்கு முடிவு தெரியும். முடிவு தெரிந்த பிறகுதான் இந்த இயக்ககத்தையே ஆரம்பித்தோம்."

கைதட்டல் அடங்கியதும் முன்மாதிரி விழுங்குநரை மேடைக்கு அழைத்தார்கள். முத்திரையக்கா நான்கு படி ஏறினார். கேடயம் கனமான பித்தளை. அதைக் கையில் வாங்கி, புகைப்படக்காரர் பக்கம் திரும்பி, சிரித்து, அப்படியே துணி நழுவுவது போலச் சரிந்து விழுந்தார்.

அரங்கம் எழுந்து நின்றது. இயக்குநர் மட்டும் நிதானம் இழக்கவில்லை.

"எல்லாரும் உட்காருங்கள். பார்த்தீர்களா, எவ்வளவு மெதுவாக விழுந்தார். மாத்திரை சாப்பிடாதவராக இருந்திருந்தால் இந்த விழுகை எவ்வளவு பலமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்."

எண்ணிப் பார்க்காமல் மேடைக்கு ஓடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் எடைக்காரர். இன்னொருவர் விழுங்கல் சாட்சி அலுவலர். இருவருமாக அக்காவைத் தூக்கிப் போய் வாடகை வண்டியில் ஏற்றினார்கள். வண்டியில் போகும்போது சாட்சி அலுவலர் அக்காவின் இமையை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை.

"எட்டு மாசமா இவங்க வாய்க்குள்ளயே பாத்துட்டிருந்தேன் சார்," என்றார். "முகத்தைப் பாக்கல."

எடைக்காரர் அக்காவின் தலையைத் தன் மடியில் சரியாக எடுத்து வைத்தார்.

"இன்னொண்ணு சொல்றேன், வெளிய விடாதீங்க. நான் அந்த மாத்திரையை முழுங்கறதே இல்ல. எனக்குச் சாட்சி யாரு இருக்கா?"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இளவயது, படபடவென்று பேசுபவர். ரத்த முடிவைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஹீமோகுளோபின் ஆறு. பன்னெண்டுக்கு மேல இருக்கணும். இவ்வளவு நாள் எப்படி நடமாடினாங்க? ஐஸ், சாக்பீஸ் மாதிரி ஏதாவது தின்னாங்களா?"

"டம்ளர் டம்ளரா ஐஸ் தின்னாங்க டாக்டர்."

"இரும்புச் சத்து ரொம்பக் கொறைஞ்சா அப்படித் திங்கத் தோணும்." கண் விழித்திருந்த அக்காவிடம் குனிந்து, தணிந்த குரலில் சில கேள்விகள் கேட்டார். மாதாமாதம் உதிரம் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று போய்க்கொண்டிருந்தது, ஒரு வருடமாக. சத்து மாத்திரை சாப்பிடுகிறோமே, சரியாகிவிடும் என்று அக்கா இருந்துவிட்டார். ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டி. பயப்படும் வகை அல்ல, ஆனால் எடுத்தாக வேண்டும்.

விழாவில் கொடுத்திருந்த, அந்தச் செங்கல் நிற மாத்திரையின் விவர அட்டையை எடைக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். டாக்டரம்மா அதைத் திருப்பிப் படித்தார்.

"இதுல இரும்பு பேருக்கு இருக்கு. ஒழுகற தொட்டியில சொட்டுச் சொட்டா ஊத்தற மாதிரி. இவங்களுக்கு ரத்தம் ஏத்தணும், அப்புறம் சரியான அளவுல இரும்பு மாத்திரை தரணும், மொதல்ல ஒழுகறதை அடைக்கணும்."

"எனக்கு எல்லாமே இயல்புன்னு வந்துச்சு டாக்டர். நான் இதைச் சாப்பிடணுமா?"

"நல்லாச் சாப்பிடறீங்களா?"

"மூணு வேளையும் வயிறாரச் சாப்பிடறேன்."

"அப்ப உங்களுக்கு இது வேண்டாம். இவங்களுக்கு இது போதாது. பிள்ளைத்தாச்சி, வயசானவங்க, சில சீக்குக்காரங்க, இவங்களுக்கெல்லாம் எது கொறையோ அதைப் பாத்து நாங்களே எழுதித் தருவோம். எல்லாருக்கும் ஒரே மாத்திரைன்னு குடுக்கறவங்க யாரையும் பாக்கலைன்னுதான் அர்த்தம்."

இத்தனை நாளாகப் பதிவேட்டில் பத்தி இல்லாமல் அலைந்த கேள்விக்கு டாக்டரம்மா கைகழுவிக்கொண்டே பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. ஆறு வாரம் ஓய்வு. அக்கா வருட ஒப்பந்தத்தில் இருப்பவர்; அனுமதி இல்லாமல் மூன்று நாள் மாத்திரைக்கு வராவிட்டால் ஒப்பந்தம் முறியும் என்பது இயக்ககத்தின் விதி. அவர் சம்பளத்தில்தான் அவரும், நடக்க முடியாத அவர் அண்ணனும் சாப்பிட்டார்கள். எடைக்காரர் விடுப்பு விண்ணப்பத்தையும் டாக்டரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆறாம் மாடிக்குப் போனார்.

கண்காணிப்பாளர் அம்மையார் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார்.

"இவங்க 'நிறைவு பெற்றவர்'னு பதிவாயிருக்கு. நிறைவு பெற்றவருக்கு ரத்தக் கொறைவுன்னு நாங்க எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? கொறைபாடு உள்ளவங்க இயக்ககத்துக்குக் கீழ வரமாட்டாங்க. நாங்க ஆரோக்கியமானவங்களுக்கு மட்டும்தான் பொறுப்பு."

"அவங்களுக்கு ரத்தம் ஏத்திட்டிருக்காங்க மேடம்."

"எங்ககிட்ட அனுமதி வாங்காமலா?"

செவ்வாய்க்கிழமையும் போனார். புதன்கிழமை காலை இயக்குநரே அவரை உள்ளே கூப்பிட்டார். மேஜை மேல் இரண்டே தாள்கள் இருந்தன. ஒன்று சிவப்பு நாடாக் கோப்பிலிருந்து எடுத்தது. மற்றது டாக்டரின் கடிதம். மேடையில் இருந்த குரல் அறைக்குள் பாதியாக இறங்கியிருந்தது.

"பாருங்க. ஒருத்தருக்கு எந்தக் கொறையும் இல்ல, மாத்திரை எதுக்குங்கறார். இன்னொருத்தர் தவறாம மாத்திரை சாப்பிட்டார், கொறை இருக்கு. இந்த ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு."

"எப்படி சார் இருக்கு?"

"பாக்கக் கூடாத மாதிரி இருக்கு." இயக்குநர் கேள்வித் தாளை விரலால் ஒதுக்கித் தள்ளினார். "ரெண்டுல ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணு தனியாக் கெடக்கும். தனியாக் கெடக்கற தாள் யாரையும் ஒண்ணும் செய்யாது. அதுல நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம்."

"நான் கேள்வியைத் திருப்பி வாங்கிக்கணுமா சார்?"

"திருப்பி வாங்கினா, கேட்டீங்கன்னு ஆயிடும். எழவே இல்லைன்னு எழுதுங்க."

வாசகம் ஏற்கனவே தட்டச்சாகியிருந்தது. 'கேள்வி எண் ஒன்று என் மனத்தில் எழவில்லை. எழுந்தது போலத் தோன்றியது களைப்பினால். களைப்பு, அன்று மாத்திரையைத் தாமதமாக விழுங்கியதால். ஊட்ட நிறைவு மாத்திரையால் நான் பெற்ற நலன் அளவிட முடியாதது.'

எடைக்காரர் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கிராம் பொய்க்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை. சொந்த மைத்துனன் கடைத் தராசையே மூன்று கிராமுக்காகத் திருப்பி அனுப்பியவர்; அந்த வீட்டில் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பேனாவைப் பிடித்த கை கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. சுவர்க் கடிகாரம் பதினொன்றைக் காட்டியது. சாயங்காலம் நான்குக்குள் விடுப்பு அனுமதி கைக்கு வந்தால்தான் மறுநாள் நிம்மதியாக அறுவை அறைக்குள் போவேன் என்று அக்கா ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்.

போட்டார். இயக்குநரும் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு மற்றதில் போட்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எலுமிச்சை அளவு என்று நினைத்தது ஆரஞ்சு அளவு இருந்ததாம். ஆறு வாரம் ஓய்வு. அதோடு டாக்டர் எழுதித் தந்த இரும்பு மாத்திரை வேறு. எடைக்காரரும் அவர் மனைவியும் ஞாயிறுதோறும் வேனை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் வந்தார்கள். ஆறு வாரம் கழித்து அக்கா வேலைக்கு வந்தபோது உதட்டில் நிறம் இருந்தது. ஐஸ் டம்ளர் இல்லை. மத்தியானம் வரை எழுபது கல்லுக்கு முத்திரை போட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாளே இயக்ககத்திலிருந்து புகைப்படக்காரரும் ஒரு குறிப்பெழுத்தரும் வந்தார்கள். இந்தத் தடவை கன்னத்துக்குச் சிவப்பு ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

"உங்க இந்தப் பொலிவுக்குக் காரணம் என்னம்மா?" என்று கேட்டார் குறிப்பெழுத்தர்.

"கட்டி," என்றார் அக்கா. "கட்டியை எடுத்தாங்க. ரத்தம் ஏத்தினாங்க. டாக்டர் தனியா மாத்திரை குடுத்தாங்க."

குறிப்பெழுத்தர் எழுதிக்கொண்டார். ஆண்டறிக்கை வந்தபோது அக்காவின் பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கீழே இப்படி அச்சாகியிருந்தது: 'கட்டுப்பாடு, ரத்தத்தில் ஊறிய கடமையுணர்வு, மாத்திரை. தன் பொலிவுக்கு இம்மூன்றுமே காரணம் என்கிறார் முன்மாதிரி விழுங்குநர்.'

அக்கா அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல் போட்ட இடம் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எடைக்காரரும் சிரித்தார். அவர் இன்னும் அறிக்கையின் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

சாயங்காலம் அந்த அறிக்கை வீட்டு மேஜையில் கிடந்தது. வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்த மனைவி அதை எடுத்துப் புரட்டினார். அக்காவின் படத்துக்கு அடுத்த பக்கம் முழுக்க ஒரே ஒரு கடிதம். எழுத்துக்கு எழுத்து அப்படியே படம் பிடித்து, சுற்றிலும் பொன்னிறத்தில் பூவேலை போட்டிருந்தார்கள். மேலே தலைப்பு: 'அளவிட முடியாத நலன். அளப்பவரே சொல்கிறார்.'

மனைவி கடைசி வரைக்கும் படித்தார். பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தம்மா பொழைச்சிட்டாங்க. வேலையும் போகல. நீங்க செஞ்சது தப்பில்லங்க."

"தப்புன்னு சொல்லலியே."

"அப்புறம் ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?"

எடைக்காரர் அறிக்கையைத் தன் பக்கம் திருப்பி, பொன்னிறப் பூக்களுக்கு நடுவே இருந்த தன் கையெழுத்தின் மேல் விரல் வைத்தார்.

"இத்தனை வருஷத்துல ஆயிரக்கணக்கான சான்றிதழ்ல போட்டிருக்கேன்," என்றார். "ஒண்ணுலகூடக் கையெழுத்து இவ்வளவு அழகா விழுந்ததில்ல."